ராஸ்மியை இறந்தவனாக்கப் போன காலை

ராஸ்மி ஹால்க்ரோ செத்துவிட்டான் என்று கோர்ட் சொன்னால்தான் அவன் மனைவி ஆஸ்லாவும் நானும் கல்யாணம் செய்துகொள்ள முடியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்ச் காலையில், அவன் தன் சின்னப் படகில் தனியாக மீன் பிடிக்கப் போனான். மறுநாள் படகு மட்டும் பாறையோரம் கவிழ்ந்து கிடந்தது. எங்கள் ஷெட்லாந்துத் தீவுகளின் கடல் எல்லா உடலையும் திருப்பிக் கொடுப்பதில்லை. உடல் கிடைக்காததால் சாவுச் சான்றிதழும் கிடைக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் ஆஸ்லா இன்னும் அவன் பெண்டாட்டிதான்.

ஏழு வருஷம் எந்தத் தகவலும் இல்லாதவரை இறந்தவராக அறிவிக்கச் சொல்லி வழக்குப் போடலாம் என்றார் எங்கள் வக்கீல் கௌடி. தீர்ப்பு வந்து, அப்பீலுக்கான நாலு வாரமும் கடந்துவிட்டால் பழைய கல்யாணம் அறுந்தது அறுந்ததுதானாம். அப்புறம் அந்த ஆளே வாசலில் வந்து நின்றாலும் அது திரும்ப ஒட்டாதாம். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஜூன் மாதத்துக்கு ஊர் மண்டபத்தைப் பிடித்து வைத்தோம்.

ஏப்ரலில் விசாரணை. ஆஸ்லா சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த சாட்சி ராஸ்மியின் அக்கா பாபி. அவளை இன்னும் காணவில்லை. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீன் சந்தையில் போட்டிருந்த ரப்பர் பூட்ஸோடு அவள் உள்ளே நுழைந்தாள். மேடேறி ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. என் பக்கத்தில் விழுந்தாற்போல் உட்கார்ந்து, தன் போனை என் மடியில் வைத்தாள். போட்டோவில் ஒரு வலைக் கொட்டகை, நாலு பேர். மூன்றாவது ஆள் நரைத்த தாடியோடு நின்றான். இடது காதில் பாதி இல்லை. சின்ன வயதில் நாய் கடித்த காது. அந்தக் காதைத் தெரியாதவர்கள் எங்கள் தீவில் கிடையாது.

அன்று காலை சந்தைக்கு மீன் கொண்டுவந்த, கடலுக்கு அப்பாலுள்ள ஃபாரோ தீவுக் கேப்டன் ஒருவர், தங்கள் ஊரிலும் ஒரு ஷெட்லாந்துக்காரர் இருக்கிறார் என்று பேச்சுவாக்கில் இதைப் பாபியிடம் காட்டியிருக்கிறார். அவள் கேட்டதும் படத்தையும் அந்தக் கொட்டகையின் நம்பரையும் அனுப்பிக் கொடுத்திருக்கிறார். போன வாரம் எடுத்த போட்டோ.

பாபி என் காதருகே குனிந்தாள். "உசுரோட இருக்கான் டேவி. என் தம்பி உசுரோட இருக்கான்." அவள் கை என் முழங்கையை நசுக்கியது. அப்புறம் வேறு குரலில், "ஒன்பது வருஷமா எங்களை அழவெச்சவன் அவன். ஆஸ்லா என்ன பாவம் பண்ணா? நாலு வாரம்தானே, நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ சொல்லு, என்ன பண்ணட்டும்?" என்றாள்.

நான் எதையும் ஒளிக்கப் போவதில்லை: போனைத் திருப்பி, திரை கீழே இருக்கும்படி மடியில் வைத்துக்கொண்டேன். நாலு வாரம். அப்புறம் எல்லாமே எங்களுடையது.

நீதிபதி அம்மா கூண்டைப் பார்த்து அமைதியாகக் கேட்டார்: உங்கள் கணவர் உயிரோடு இருப்பதாக நினைக்க ஏதாவது காரணம் உண்டா? ஆஸ்லா இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சத்தியம் செய்துவிட்டு நிற்கிறாள். அவள் தெரியாமல் சொல்லப்போகும் அந்தச் சொல்லை, தெரிந்துகொண்டே கேட்டபடி நான் உட்கார்ந்திருக்க வேண்டும். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"இருக்கு, அம்மா," என்றேன். "என் கையில இருக்கு."

கோர்ட் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கௌடி போனை வாங்கி நீதிபதியிடம் கொடுத்தார். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் விசாரணையை நிறுத்தினார். நடைவழியில் நின்று, திரும்பக் கிடைத்த போனில், கேப்டன் தந்த நம்பரை பாபி அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாவது தடவை யாரோ எடுத்தார்கள். கொட்டகைக்குள் ஆளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பாபி ஸ்பீக்கரைப் போட்டுப் போனை ஆஸ்லாவிடம் நீட்டினாள்.

"ராஸ்மி? நான் ஆஸ்லா பேசறேன்."

"என்னைச் செத்தவனா நினைச்சிட்டா உனக்கு நல்லதுன்னு தோணிச்சு," என்றது அந்தக் குரல்.

"நல்லதா? கவிழ்ந்து கிடந்த படகை இழுத்துக் கரையேத்தினவ நான்டா," என்றாள் ஆஸ்லா. அப்புறம் சுவரில் சாய்ந்து சிரித்தாள், அழுதாள், திரும்பவும் சிரித்தாள். "உசுரோட இருக்கே. சரி, இரு. இனிமே உன்னை நிம்மதியாத் திட்டலாம்."

படகைக் கடலில் விட்டுவிட்டு, ஒரு ஃபாரோ கப்பலில் ஏறிப் போயிருக்கிறான். குடியால் தன்னைத் தானே வெறுத்திருந்த காலம் என்றான். இப்போது குடிப்பதில்லையாம். அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். விவாகரத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோது உடனே சரியென்றான்.

உயிரோடிருப்பவரை இறந்தவராக அறிவிக்க முடியாது என்று சொல்லி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். எழுந்து போகும் முன் பாபியைப் பார்த்து, "போய்ப் பாத்துட்டு வாங்கம்மா," என்றார்.

வீட்டுக்குக் காரில் போகும் வழியில் ஆஸ்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், போனைத் திருப்பி வைத்ததையும். அவள் என் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு நேரம் வெச்சிருந்தே?"

"அரை நிமிஷம் இருக்கும்."

"நானா இருந்தா ஒரு நிமிஷம் ஆயிருக்கும்," என்றாள். சிரிப்பு தாங்காமல் எனக்கு வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

பாபி அடுத்த வாரமே ஃபாரோவுக்குப் போய்வந்தாள். ராஸ்மி கையெழுத்துப் போட்ட காகிதங்களையும் அவளே கொண்டுவந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் பிரிந்திருந்து இருவருக்கும் சம்மதம் என்றால் எங்கள் நாட்டில் விவாகரத்துக்கு அதிக நாளாகாது. ஜூன் மண்டபத்தை விட்டுக்கொடுத்து, ஆகஸ்டில் கல்யாணம் செய்துகொண்டோம். பதிவு அலுவலகத்தில் நீட்டிய படிவத்தில், விதவை என்ற கட்டத்தைத் தாண்டி, விவாகரத்தானவர் என்ற கட்டத்தில் ஆஸ்லா அழுத்தமாக ஒரு டிக் போட்டாள். இந்தக் கட்டத்தை இவ்வளவு சந்தோஷமாக நிரப்பிய பெண்ணை இதுவரை பார்த்ததில்லை என்றார் பதிவாளர்.