தம்புசாமியின் நீலச் சீசா

1

இந்தக் கதை மூத்திரத்தில் பிறந்தது. முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டித் தலைவலித் தைல விளம்பரத்தைப் படிக்கலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். மற்ற எழுத்தாளர்களின் கதைகள் நிலா வெளிச்சத்தில் பிறக்கின்றன. எனக்கு வாய்த்தது இது.

நான் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் கிராணி. சரக்கு ஆபீசில் பேனா பிடிக்கிறவன். முப்பத்தைந்தாம் வருஷத் தீபாவளி கழிந்த கையோடு எனக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கட்டுப் போடும் டிரஸர் கன்னையா ஒரு கண்ணாடிக் குழாயும், ஒரு ஸ்பிரிட் விளக்கும், ஒரு சீசா நீல மருந்தும் கொடுத்தார். தினமும் காலையில் குழாயில் மருந்தை ஊற்றி, என் சொந்தத் தயாரிப்பில் சில சொட்டுகள் விட்டு, கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் கூடுதல். செங்கல் நிறம் வந்தால் வாயைக் கட்ட வேண்டும்; அப்படியும் அடங்காவிட்டால் கப்பலில் வரும் ஊசி மருந்து, தினமும்.

நான் நம்பவில்லை. கன்னையா ஒரு துளித் தேனை அந்த மருந்தில் விட்டுக் கொதிக்க வைத்துக் காட்டினார். செக்கச்செவேல் என்று வந்தது.

"பாத்தீங்களா கிராணியாரே, அசல் பிரிக்ஃபீல்ட்ஸ் செங்கல்லு!" என்றார். "கால்ல மட்டும் புண்ணு வந்துச்சுன்னா ஒடனே ஓடி வந்துடுங்க. இந்த சீக்குக்குக் காலுன்னா ரொம்பப் பிரியம்."

(இந்தத் தேனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மறந்து தொலைந்துவிட்டது, அதனால்தான் இவ்வளவு வம்பு.)

2

தொடக்கம் ஒன்று: "கிள்ளான் ஆற்றின் மீது செங்கதிரோன் தன் பொற்கரங்களை நீட்டி..." நிறுத்திவிட்டேன். செங்கதிரோனுக்கு நீரிழிவு கிடையாது.

தொடக்கம் இரண்டு: "கிள்ளானில் தம்புசாமி என்றொரு ரப்பர் வியாபாரி..." இதுவும் உதவாது. வியாபாரி வேட்டியோடு கடையில் உட்கார்ந்துகொள்வான். என் கதைக்கு வெள்ளைக்காரத் துரை முன்னால் வெள்ளைக் கால்சட்டையோடு நிற்கிற ஆள் வேண்டும். வெள்ளைக் கால்சட்டை இருக்கிற வீட்டில்தான் சலவைக்கு நீலக்கட்டி இருக்கும்.

தொடக்கம் மூன்று: "தம்புசாமி ஒரு ரயில்வே கிராணி. அவனுக்குச் சர்க்கரை வியாதி." சரி, இது போதும். என்னைப் போலவே இருக்கிறானே என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுவேன். அவனுக்கு மீசை உண்டு.

3

கதை இதுதான். குழாயில் செங்கல் நிறம் வந்த நாளெல்லாம் தம்புசாமி சோற்றுத் தட்டை எறிவான்.* அவன் மனைவி இராஜம்மா பாகற்காயைத் தரையிலிருந்து பொறுக்குவாள். ஒருநாள் அவள் கை பட்டு மருந்துச் சீசா கவிழ்ந்துவிடுகிறது. கணவன் வரும் நேரம். பதறிப்போய், கால்சட்டைக்குப் போடும் நீலக்கட்டி ஒன்றை முழுசாகத் தண்ணீரில் கரைத்துச் சீசாவை நிரப்பி வைக்கிறாள்.

மறுநாள் காலை தம்புசாமி கொதிக்க வைக்கிறான். நீலம்! அதற்கடுத்த நாளும் நீலம்! சலவை நீலத்தை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது சலவை நீலம்தானே. பத்துமலை முருகன் கண் திறந்துவிட்டார் என்று தம்புசாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு கேசரி தின்கிறான். இராஜம்மாவை "ராஜம்" என்று கூப்பிடுகிறான். தொண்டையைச் செருமிக்கொண்டு பாட்டு வேறு.

* தட்டு எறிவது தம்புசாமி. நான் எறிந்தது ஒரு கிண்ணம். அதுவும் காலிக் கிண்ணம்.

4

இங்கேதான் இராஜம்மா எனக்கு அடங்க மறுத்தாள். சீசா கவிழ்ந்த அன்று பயத்தில் செய்தாள், சரி. புருஷன் கேசரி தின்னும்போதும் ஏன் வாயைத் திறக்கவில்லை? அவள் கெட்டவளா என்று யோசித்து, "இராஜம்மாவின் கண்களில் ஒரு கொடூரமான..." என்று எழுதி, அடித்துவிட்டேன். கத்தரிக்காய்க் காம்பைக் கூட வீணாக்காதவள் புருஷனையா வீணாக்குவாள்?

விடை கிடைக்காமல், எழுதியதை என் மனைவி பவுனம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முழுக் கட்டியா கரைச்சா?" என்றாள்.

"ஆமாம். ஏன்?"

"மையாட்டம் கறுத்துப் போவுங்க. நுனியச் சுரண்டிப் போட்டாலே போதும். அப்புறம், அது அடியில போயித் தங்கிடும். குடுக்கறதுக்கு முன்ன நல்லாக் குலுக்கணும். அதையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். நல்ல வாசகி கிடைப்பது எழுத்தாளனின் பாக்கியம் என்றும் நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய மடையன் பாருங்கள்.

"அவ ஏன் உண்மையச் சொல்லாம இருந்தா?" என்று கேட்டேன்.

"செவப்பு வந்தா தட்டு பறக்குது. நீலம் வந்தா ராஜம்னு கூப்புடுறான். நீங்க அவளா இருந்தா எதக் காட்டுவீங்க?"

5

அன்று ஆபீசில் ஒரு பார்சலுக்குச் சீட்டு எழுதும்போது பேனா நின்றுவிட்டது. தினமும் காலையில் பவுனம்மாள் மருந்துச் சீசாவை என் கையில் கொடுக்கிறாள். கொடுக்கும் முன் குலுக்குகிறாள். எனக்கு அது பணிவிடையாகத் தெரிந்தது. டிரஸர் கன்னையா அந்தச் சீசாவைக் குலுக்கி நான் பார்த்ததே இல்லை.

தைப்பூசத்திலிருந்து எனக்கு நீலம்தான். தைப்பூசத்துக்கு நான் கேசரி தின்றேன். இப்போதும் தின்கிறேன். "பவுனு" என்று கூப்பிடுகிறேன். என் இடது கால் பெருவிரலில் சப்பாத்து கடித்த ஒரு புண் ஆறவே மாட்டேன் என்கிறது. குழாய்தான் நீலமாயிற்றே, புண்ணுக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். சப்பாத்துக்குள் அந்த விரலை அசைத்துப் பார்த்தேன். பயமாக இருந்தது. வேறு அழகான வார்த்தை தேட எனக்குத் தெம்பில்லை, பயமாக இருந்தது.

இனி முடிவுகள்.

முடிவு அ: தம்புசாமி உண்மை அறிந்து இராஜம்மாவை வீட்டை விட்டுத் துரத்துகிறான். (பிறகு கால்சட்டையை யார் துவைப்பது?)

முடிவு ஆ: தம்புசாமிக்குக் காலை எடுக்கிறார்கள். இராஜம்மா விம்முகிறாள். பத்திரிகை ஆசிரியருக்கு இது பிடிக்கும். என் பெருவிரலுக்குப் பிடிக்கவில்லை.

முடிவு இ: சீசாவில் இருப்பது அசல் மருந்துதான். பாகற்காய் வேலை செய்திருக்கிறது, பவுனம்மாள் துணி துவைக்கத் தெரிந்த எல்லாப் பெண்களையும் போல நீலத்தைப் பற்றிச் சொன்னாள், அவ்வளவுதான். சந்தேகப்பட்டவன்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. முடிந்தால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள்.)

6

அப்போதுதான் தேன் ஞாபகம் வந்தது. மருந்து அசலானால் ஒரு துளித் தேனுக்குச் சிவக்கும். சலவை நீலமானால், நான் முழுச் சீசா தேனைக் கவிழ்த்தாலும் அசையாது.

இன்று காலை அடுப்படியில் விளக்கை ஏற்றிவிட்டுத் தேன் தேடினேன். எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இந்த வீட்டில் எனக்குத் தெரிந்தது என் நாற்காலி இருக்கும் இடம் மட்டும்தான்.

"மேல் தட்டுல, புளிச் சாடிக்குப் பின்னால" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பவுனம்மாளே எட்டி எடுத்தாள். ஆனால் உடனே கொடுக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் எழுதிக் குடுங்க. எந்த நெறம் வந்தாலும் எதையும் எறிய மாட்டேன்னு."

"கதையிலயா?"

"கதையிலதான். ஊரு பாக்கட்டும்."

எழுதுகிறேன்: எந்த நிறம் வந்தாலும் எதையும் எறிய மாட்டேன். காலிக் கிண்ணத்தைக் கூட. நிறம் எதுவானாலும் இன்றைக்கே கன்னையாவிடம் போய்க் காலைக் காட்டுவேன்.

எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தேனைக் கொடுத்தாள். சீசாவையும் கொடுத்தாள். இன்று குலுக்கவில்லை. நான் ஊற்றினேன். ஒரு துளி விட்டேன். குழாய் இப்போது நெருப்பின் மேல் இருக்கிறது. ஒரு கையில் இடுக்கி, மறு கையில் பேனா. நான் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கொதிக்கிற சத்தம் கேட்கிறது, வாசகரே. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து அவள் முகம் தெரியும். பார்த்துவிட்டு நிறத்தை என்னிடம் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.