சன்னாசி பிறந்த இடம்

உருத்திரபுரத்தில் அறுவடை தொடங்கிய கிழமையே பொலிஸ் ஜீப்பும் வரத் தொடங்கிவிட்டது. இந்தியாவிலிருந்து களவாகத் தோணியேறி வந்தவர்களைப் பிடிக்கிறார்களாம். மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வன்னிக்குக் கூலி வேலை தேடி வந்தவர்களும் அந்தக் கண்களுக்குக் கள்ளத்தோணிகள்தான். நின்று பிரித்துப் பார்க்க யாருக்குப் பொறுமை? வாய்க்கால் கரையில் இரண்டு குடிசைகள் ஏற்கெனவே வெறுமையாகிவிட்டன. ஒன்றில் அடுப்பில் வைத்த சோறு பானையோடு கருகிக்கொண்டிருந்தது. இலட்சுமிதான் போய் நெருப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

அவளும் புருசன் சன்னாசியும் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். அங்கே வேலை போய், இங்கே காணிக்காரர் ஏரம்புவின் வயலில் கூலிக்கு நிற்கிறார்கள். ஜீப்புக்குப் பயந்து, ஒருவருக்கும் சொல்லாமல் வவுனியாவுக்குப் போய் அப்புத்துரை என்ற பிரக்கிராசியைக் கண்டார்கள். ஏழைகளின் வழக்கைக் காசு வாங்காமல் பேசும் வக்கீல் அவர்.

"தோட்டத்திலை இருக்கிற பிறப்புப் பதிவை நான் எடுப்பிக்கிறன்," என்றார் அவர். "அதுவரைக்கும் பொலிஸ் வந்தால் உண்மையை மட்டும் சொல்லுங்கோ. ஒரு காகிதத்திலையும் கைநாட்டு வைக்காதேங்கோ. பிடிச்சால், நீதவானிட்டைக் கொண்டுபோகச் சொல்லிக் கேளுங்கோ, அது உங்கடை உரிமை. காணிக்காரரிட்டையும் சொல்லி வையுங்கோ, அவரும் அதையே சொல்லவேணும்."

அந்தக் கடைசிச் சொல்லைத்தான் அவர்கள் செய்யவில்லை. கூலியாள் பிரக்கிராசியின் வாசலை மிதித்தான் என்றால் காணிக்காரர் காதில் அது ஒரே விதமாகத்தான் விழும்: என்மேல் வழக்குப் போடப் பார்க்கிறான். போன போகத்தில் பக்கத்துக் காணியில் இப்படித்தான் ஒரு குடும்பம் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டது. ஆகவே இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். பொலிஸுக்குச் சொல்லவேண்டிய பதிலை மட்டும் கதிர் அறுக்கும்போதும் கஞ்சி குடிக்கும்போதும் ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்தார்கள்.

ஏரம்பு கெட்டவர் அல்ல. வினையே அதுதான். தன் ஆட்களை ஒருவன் தொட விடமாட்டார். அதிகாரிமாரைப் பேசி வளைப்பதில் தனக்கு நிகர் ஆளில்லை என்ற நினைப்பும் அவருக்கு நிறைய உண்டு.

களத்தில் மாடுகள் நெற்கதிரைச் சூடு மிதித்துக்கொண்டிருந்தபோது ஜீப் வந்து நின்றது. அதிகாரி சன்னாசியைத் தனியே கூட்டிப்போய் விசாரித்துவிட்டு ஏரம்புவிடம் வந்தார்.

"இந்த ஆள் எங்கே பிறந்தவர்?"

"உவனோ ஐயா?" ஏரம்பு தாராளமாகச் சிரித்தார். "பரந்தனிலை, எங்கடை பழைய காணியிலை பிறந்தவன். என்ரை கையாலை சோறு திண்டு வளந்த பொடியன்."

அன்பாகச் சொன்ன பொய். அதை இலட்சுமி எப்படி மறுப்பாள்?

"அவர் மஸ்கெலியா என்கிறாரே," என்ற அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்."

பரந்தன் என்றால் புருசன் பொய்யன். மஸ்கெலியா என்றால் சோறு போடுகிறவர் பொய்யர். அவள் புருசன் பக்கம் நின்றாள். "மஸ்கெலியாங்க. மேல்பிரிவு லயத்துல, கோயிலுக்குப் பக்கத்துக் காம்பராவுல பொறந்தவருங்க."

"புருசன் சொன்னதிலே ஒரு சொல் மாறவில்லை. நன்றாகப் பாடமாக்கியிருக்கிறீர்கள்."

"எங்கள நீதவான் ஐயாகிட்ட கொண்டுபோங்க. அப்படிக் கேக்குறது எங்க உரிமைன்னு பிரக்கிராசி ஐயா சொன்னாருங்க."

சூடு மிதித்தவர்கள் மாட்டை நிறுத்திவிட்டார்கள். ஏரம்புவின் முகத்தில் சிரிப்பு வற்றிப்போயிற்று.

"எனக்குத் தெரியாமல் பிரக்கிராசியிட்டைப் போனனீங்களோ?"

"கள்ளத்தோணிகளை ஒளித்து வைத்திருப்பவர்களுக்கும் சட்டம் இருக்கிறது," என்றார் அதிகாரி மெதுவாக. "கடைசியாகக் கேட்கிறேன். இவர் உங்கள் ஆள்தானா?"

ஏரம்பு வைக்கோலைப் பார்த்தபடி நின்றார். "கூலிக்கு வந்து நிண்டதுகள் ஐயா. எங்கை பிறந்ததுகளோ, எனக்கென்ன தெரியும்."

சன்னாசியை ஏற்றினார்கள். "இடமில்லை, உன்னை நாளைக்கு வந்து ஏற்றுகிறோம்," என்றார் அதிகாரி இலட்சுமியிடம். ஜீப் நீதவானின் கோட்டு இருக்கும் கிளிநொச்சிப் பக்கம் போகவில்லை, பூநகரிப் பக்கம் திரும்பிற்று. அந்த வழியில் மன்னார்க் கடற்கரை இருக்கிறது, இந்தியாவுக்கு ஏற்றி அனுப்பும் தோணிகள் இருக்கின்றன. தான் பிரக்கிராசியைக் காண வவுனியாவுக்குப் போய்ச் சேருமுன் அந்த ஜீப் கடலைக் கண்டுவிடும் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"உங்க மேல வழக்குப் போடப் போகலைங்க ஐயா," என்றாள் ஏரம்புவிடம். எப்போதோ சொல்லியிருக்க வேண்டிய பேச்சு.

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சன்னாசி விட்டுப்போன மாட்டுக் கயிற்றை எடுத்து இன்னொருவனிடம் கொடுத்தார். மாடுகள் மறுபடியும் சுற்றத் தொடங்கின.