ஒரு சட்டிச் சமையல்காரர்

மாலை ஐந்தே முக்காலுக்கு நூலகர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வார். வாசல் கதவு திறந்துதான் இருக்கும். ஆகவே வராந்தாவில் போகிற வருகிற எல்லோருக்கும் அந்தச் சாத்திய கதவு தெரியும். ஏழேகாலுக்கு அது திறக்கும். தோளில் துண்டு, நெற்றியில் வியர்வை, சிக்கலான பிரசவம் பார்த்துவிட்டு வெளியே வந்த டாக்டர் மாதிரி ஒரு முகம். "ஆச்சு," என்பார். அந்த ஒரு சொல்லிலேயே ஊர்ப்பட்ட அசதி இருக்கும்.

நூலகம் நான்கரைக்கே மூடிவிடும். மனைவி மணப்பெண் உடைகள் தைக்கிற கடையில் வேலை பார்த்தாள். டியூஷனிலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு வீடு வந்து சேர ஏழு ஆகிவிடும். அதனால் வாரநாள் சமையல் அவருடையது. சமைத்தவர் பாத்திரம் கழுவ வேண்டியதில்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டத்தை இயற்றியது யார் என்று கேட்டால் வீண் பொல்லாப்பு.

எதிர்வீட்டு அக்காவுக்குத் தன் வீட்டுக்காரரைத் திட்ட வேறு ஆயுதமே தேவைப்படவில்லை. "அவரைப் பாருங்க! ஒன்றரை மணி நேரம் அடுப்புல நின்னு வேகறாரு. நீங்க என்னிக்காவது ஒரு முட்டை உடைச்சிருக்கீங்களா?"

வாரத்தில் மூன்று நாள் மாட்டிறைச்சி நூடுல்ஸ். மற்ற இரண்டு நாள் அதே நூடுல்ஸ், கோழியோடு. ருசியில் குறை சொல்ல முடியாது. அதைச் செய்ய இருபத்தைந்து நிமிடம் போதும் என்பதுதான் விஷயம். கனமான சட்டியில் எண்ணெய், வெங்காயம், பூண்டு. கொத்திய இறைச்சியைப் போட்டு நிறம் மாறும்வரை கிளறல். நாலு தக்காளி, மிளகு, உப்பு, ஒரு கரண்டி சோயா சாஸ். வெந்நீரை ஊற்றி, நூடுல்ஸையும் அதிலேயே உடைத்துப் போட்டு, மூடி வைத்தால் பத்து நிமிடத்தில் தண்ணீரெல்லாம் இழுத்துக்கொண்டு பளபளவென்று நிற்கும். கடைசியில் ஒரு கைப்பிடி கீரை. ஒரே சட்டி, ஒரே கரண்டி.

முதல் நாள் அப்படித்தான் செய்தார். மனைவி சட்டியைப் பார்த்தாள், பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தாள். "அட, இவ்வளவுதானா!" என்றாள். பாவம், சந்தோஷத்தில்தான் சொன்னாள். அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. மறுநாள் தொட்டியில் ஒரு வாணலியும் வடிகட்டியும் சேர்ந்துகொண்டன. "இவ்வளவு மெனக்கெட்டீங்களா?" என்று அவள் கேட்டபோது அவருக்கு வாயெல்லாம் பல். அன்று பிடித்த வியாதி அது.

சமையல் ஆறேகாலுக்கு முடிந்துவிடும். அதன்பின் முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு, நூலகத்திலிருந்து கொண்டுவந்த பழைய பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போடுவார். ஏழு மணிக்குக் கால் மணி முன்னால் இரண்டாவது சமையல் தொடங்கும். வாணலியில் எண்ணெயைத் தடவி மிளகாய்த்தூள் தூவி லேசாகக் கருக விடுவார். துருவியில் தக்காளியைத் தேய்ப்பார். வடிகட்டியின் கண்களில் மாவுக் கரைசலைப் பூசிக் காய வைப்பார். அந்த உழைப்பில் பாதியைக் கழுவுவதில் காட்டியிருந்தால் வீடு உருப்பட்டிருக்கும். கடைசியாக முகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டால் வியர்வையும் தயார்.

மனைவியின் விரல்களில் முதலில் தோல் உரிந்தது. பிறகு நுனிகளில் வெடிப்பு. "சோப்பு ஒத்துக்கலை போல," என்றாள். சோப்பை மாற்றினாள். ரப்பர் உறை போட்டாள், அதில் கை இன்னும் வெந்தது. நூலகர் அக்கறையாகக் களிம்பு வாங்கிக் கொடுத்தார். பாத்திரத்தை மட்டும் குறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் சாப்பிடவில்லை. நேரே தொட்டியிடம் போய்க் குழாயைத் திறந்தாள்.

"என்னை கவுன் வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்க."

"எதுக்கு?"

"சாட்டின்ல விரலை வெச்சா நூல் பிடிச்சு இழுத்துட்டு வருது. முன்பக்கம் கோடு விழுந்துடுச்சு. இப்ப ஓரம் மடிக்கிற வேலை." வடிகட்டியை ஊசியால் குத்திக் குத்திச் சுத்தம் செய்தாள். "அதுகூடப் பரவாயில்லங்க. 'எந்த ஓட்டல்ல பாத்திரம் கழுவப் போற, உண்மையைச் சொல்லு'ன்னு கேட்டாங்க மேடம். எல்லார் முன்னாடியும்."

"நீ என்ன சொன்ன?"

"வீட்டுப் பாத்திரம்தான்னேன். மூணு பேர் சாப்பிட்ட பாத்திரத்துக்கு இப்படி ஆகுமான்னு சிரிக்கிறாங்க. ரெண்டு இடத்துல வேலை பாக்கிறவங்க எனக்கு வேணாம், வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லுன்னுட்டாங்க."

நூலகரின் முகத்தில் ஈயாடவில்லை. "நகரு, நான் கழுவறேன்."

"வேணாம். நீங்க நின்னு சமைச்சதே போதும்."

கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

அப்போதாவது வாயைத் திறந்தாரா என்றால், அதுதான் இல்லை. புதன்கிழமை தொட்டியில் ஒரே ஒரு சட்டி கிடந்தது. "புதுசா ஒரு முறை கண்டுபிடிச்சேன். எல்லாத்தையும் ஒரே சட்டியில," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கால் மணி நேரத்தில் சேதி எதிர்வீட்டுக்குப் போய், எதிர்வீட்டு அக்காவே நேரில் வந்துவிட்டாள்.

"பொண்டாட்டி கை வலிக்குதுன்னு சமையலையே மாத்திட்டீங்களாமே தம்பி! உங்களை மாதிரி இன்னொருத்தர் பொறக்கணும்."

நூலகர் சட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் புகுந்து மூடிக்கொள்ள இடம் இருந்தால் புகுந்திருப்பார்.

வியாழக்கிழமை சாப்பாடு முடிந்து மகள் தூங்கப் போனாள். மனைவி விரல் விரலாகக் களிம்பு தடவிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு ஒத்துக்கலாம்னு இருக்கேன்."

"எதை?"

"ஓட்டல்ல பாத்திரம் கழுவினேன், இப்ப விட்டுட்டேன்னு. அப்படிச் சொன்னாத்தான் நம்புவாங்க. பொய்தான். என்ன பண்றது? வேலை வேணுமே."

கடையில் மிச்சம் வந்த பட்டன் ஒன்றைக்கூட எடுத்து வந்தவள் இல்லை அவள். இனி சமாளிக்க முடியாது என்று நூலகருக்குப் புரிந்தது.

"அது புது முறை இல்ல," என்றார்.

"எது?"

"ஒரு சட்டி. முதல் நாள்லேர்ந்தே ஒரு சட்டிதான்."

அவள் விரல் நின்றது. "அப்ப மத்த பாத்திரமெல்லாம்?"

அவர் தொட்டிப் பக்கம் பார்த்தார்.

"அந்த வடிகட்டி? மாவு ஒட்டியிருக்குமே, ஊசியால குத்தி எடுப்பேனே?"

"கரைச்சுத் தடவினேன்."

"தடவினீங்க."

"ம்."

"நான் வர்றதுக்கு முன்னாடி, உக்காந்து, தடவினீங்க."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் பாதிப் பாரம் இறங்கியிருக்கும். அவள் களிம்பு டப்பாவை மூடினாள். "நாளைக்கு நீங்க கடைக்கு வரீங்க," என்று மட்டும் சொன்னாள்.

கடை முழுக்க வெள்ளை. தலையில்லாத பொம்மைகள் மேல் பாதி தைத்த கவுன்கள். கழுத்தில் அளவு நாடாவோடு முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்தாள். நூலகர் சொன்னார். நூலகத்துக் குரல், நாலு தையல் மெஷின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன சார்? சத்தமா சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னார். ஒவ்வொரு மெஷினாக நின்றது.

"கழுவின பாத்திரத்தை நீங்களே அழுக்காக்கினீங்களா? எதுக்கு?"

பஸ்ஸில் வரும்போது ஒரு நல்ல பதிலைத் தயார் செய்து வைத்திருந்தார். அது வாய்க்கு வரவில்லை. "கஷ்டப்பட்டு சமைச்சேன்னு தெரியணும்னு," என்றார்.

"எத்தனை நாளா?"

"பதினாலு மாசம்."

பட்டன் தைக்கிற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓரத்து மெஷின்காரிக்கு அந்த அடக்கமெல்லாம் கிடையாது. "சார், எங்க வீட்டுக்கும் ஒரு நாள் வந்துட்டுப் போங்க. அழுக்காக்க ஆளில்லாம பாத்திரமெல்லாம் சும்மா கெடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. முதலாளியம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆறட்டும். ஆறினதும் அடுத்த கவுன் உனக்குத்தான். அதுவரைக்கும் இந்தக் கையில தண்ணி படக் கூடாது." கொஞ்சம் தயங்கினாள். "உன்னைத் தப்பா பேசிட்டேம்மா. மனசுல வெச்சுக்காத."

"பரவாயில்ல மேடம். நீங்க தெரியாமச் சொன்னீங்க," என்றாள் அவள்.

சொல்லிவிட்டு ஓரம் மடிக்க வேண்டிய துணியை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள். மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. போங்கள் என்று யாரும் சொல்லாததால் நூலகர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.