ஒன்றுமில்லைக்கு அட்டை இல்லை

டாக்டரைப் பார்க்கத் தனியாகப் போய்விட்டு வந்த என் கணவர், செருப்பைக் கழற்றியபடியே, "ஒண்ணுமில்லம்மா, பாத்துக்கலாம்" என்றார். இந்த வீட்டில் அந்த வார்த்தையைக் கேட்டு ஆறு வருடம் ஆகிறது.

அவர் மோட்டார் பம்புகளுக்குச் செய்முறைப் புத்தகம் எழுதுகிறவர். அவர் எழுதியதைத் தவறாகப் புரிந்துகொண்டு யாருக்கோ விரல் போனதிலிருந்து, குழப்பமே வராத மொழி ஒன்றைச் செய்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. அட்டைப் பெட்டிகள் சேர்ந்து படுக்கையறையில் என் துணிகளுக்கு இடமில்லாமல் போனது. வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்தேன். பிறகு நானும் கற்றுக்கொண்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எங்களுக்குள் சண்டையே நின்றுபோனது. நான்கு மணிப் பசிக்கு ஒரு சொல், எட்டு மணிப் பசிக்கு வேறொன்று. 'ஒன்றுமில்லை', 'சும்மாதான்', 'பார்க்கலாம்' இவற்றுக்கு மட்டும் அட்டை கிடையாது. "அதெல்லாம் ஒளிஞ்சுக்கிற எடம்" என்பார்.

ஒருநாள் நீலக் கோப்பையின் காது உடையும் சத்தத்துக்கு அட்டை எழுதினார். கோப்பை அலமாரியில் முழுசாக இருந்தது. கேட்டதற்கு, முழுமையான மொழி என்றால் இனி நடக்கப்போவதற்கும் சொல் இருக்க வேண்டாமா என்றார். எட்டு மாதம் கழித்து அது என் கையிலிருந்து நழுவியது. அதற்கப்புறம் நான் பெட்டிகள் பக்கமே போகவில்லை.

டாக்டர் என்ன சொன்னார் என்று அவருடைய மொழியில் கேட்டேன். அதில் மழுப்ப முடியாது. அவர் தமிழிலேயே, காபி கிடைக்குமா என்றார். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, படுக்கையறைக்குப் போய்க் கடைசிப் பெட்டியை இழுத்தேன்.

முதல் அட்டையில் நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. அவருடைய குண்டு எழுத்து: 'பாலை மறந்து இவள் இந்தப் பெட்டியைத் திறக்கும்போது கூடத்தில் நான் இருமும் சத்தம்.'

கூடத்தில் இருமினார்.

பின்னால் இருந்த அட்டைகளைப் புரட்டினேன். இவள் ஒற்றைத் தட்டைக் கழுவும் சத்தம். பேச ஆளில்லாத வீட்டில் இந்த மொழியைப் பேசும் இவள் குரல். எண்பது தொண்ணூறு அட்டைகள் இருக்கும். ஒன்றில்கூட 'நான்' இல்லை.

பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் கூடத்திலிருந்து.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருந்தது.