சோப்பைத் தின்ன எலி

எலிக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்குச் சாக்கடைக் குழாய் வழியா ஏறி வந்து, என் பொண்ணோட சோப்பைத் தின்னுட்டுப் போயிடுச்சு.

காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவ திரும்பி வரல. அன்னையிலேருந்து அவ குளியலறையில ஒரு சொட்டுத் தண்ணி விழ நான் விட்டதில்ல. உயிரோட இருந்தப்போ அவ குளிக்கப் போனா தொட்டியே காலியாகும். "போதும்டி, நிறுத்து"ன்னு கதவைத் தட்டாத நாளில்ல. கடைசியா அவ தேச்ச சோப்புல முடி ஒண்ணு ஒட்டியிருந்தது. தினம் போய் அதை மோந்து பாத்துட்டுக் கதவைச் சாத்திட்டு வருவேன். ஒரு தடவை எங்க வீட்டுக்காரர் கால் கழுவ உள்ள போனார். நான் போட்ட கூச்சல்ல மனுஷன் அலறியடிச்சுக்கிட்டு வெளிய வந்தார்.

இன்னைக்குப் பாத்தா சோப்புப் பெட்டி கவுந்து கெடக்கு. தரையெல்லாம் கடிச்ச துணுக்கு. முடியைக் காணோம்.

பிளம்பர் வந்ததும் பிடிபிடின்னு பிடிச்சேன். "குழாய் மாத்தின லட்சணம் இதுதானா தம்பி?" அவர் தரையில குப்புறப் படுத்து, சல்லடை மூடியைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பாத்தார்.

"மூடி துருப்பிடிச்சுப் போச்சு, புதுசு போட்டுடறேன். ஆனா அது மட்டும் போதாதும்மா. கீழ குழாய் ஒரு இடத்துல வளையும். குளிக்கிற தண்ணி கொஞ்சம் அதுல நின்னா நாத்தம் வராது, எலியும் லேசுல ஏறாது. இங்க காஞ்சு கெடக்கு. யாரும் குளிக்கிறதே இல்லையா?"

வாசல்ல நின்ன வீட்டுக்காரர்தான் சொன்னார். "குளிக்கிறவ இல்ல தம்பி."

பிளம்பர் எழுந்து கையைத் துடைச்சுக்கிட்டார். "அப்பப்போ அரை வாளி தண்ணியாவது ஊத்துங்கம்மா"ன்னார், மெதுவா.

பொத்திப் பொத்தி வச்சேனே, பாவி. நான் காயப்போட்ட வழியிலதானே அது வந்திருக்கு.

அவர் போனதும் வாளியைத் தூக்கிட்டுப் போனேன். ஊத்தக் கை வரல. வீட்டுக்காரர் வாளியை வாங்கிக்கிட்டு, துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு உள்ள போனார். தாழ் போட்டார். தண்ணி விழற சத்தம் கேட்டுது. நான் கதவுல சாஞ்சு நின்னேன்.

சத்தம் நின்னுது.

கதவைத் தட்டினேன். "நிறுத்தாதீங்க. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."