பதினான்கு பவுண்டு நீலப் பந்து

டமார்!

பவுலிங் கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. ஆபீஸ் ஸ்டோர்கீப்பரின் புத்தம் புதிய நீலப் பந்து அவர் கால் விரலுக்கு அரை அடி தள்ளி விழுந்து, ஓரமாக உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. அவர் நடுவிரல் பந்தின் துளையில் சிக்கி, இழுத்த இழுப்பில் கன்றிப் போயிருந்தது.

"பந்தைப் பத்தி ஒரு மாசமா எங்களுக்குப் பாடம் எடுத்தீங்க. இப்ப அது உங்களுக்கு எடுக்குது, சார்," என்றான் ஆபீஸ் அணியின் கேப்டன்.

பொய்யில்லை. நாலாவது ஆட்டக்காரர் மாற்றலாகிப் போனதும், அந்த இடத்துக்குத் தானாகவே பெயர் கொடுத்தவர் ஸ்டோர்கீப்பர். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்குக் கோப்பை மேல் ஆசையில்லை. சனிக்கிழமை சாயங்காலமானால் "எங்க சார் இருக்கீங்க?" என்று போன் போட மூன்று பேர் கிடைப்பார்களே, அந்த ஆசைதான்.

அதற்காகப் பந்தின் விவரத்தாளைக் கரைத்துக் குடித்திருந்தார். உள்ளே இருக்கும் கருவின் கனம் நடுவில் குவிந்திருந்தால் பந்து சீக்கிரமே சுழலத் தொடங்கும். வெளிப்பக்கம் பரவியிருந்தால் தாமதமாக. மேல் ஓடு சொரசொரப்பாக இருந்தால் எண்ணெய் பூசிய பாதையிலும் பிடித்துத் திரும்பும். பளபளப்பாக இருந்தால் வழுக்கிக்கொண்டு நேரே ஓடும். தாளைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்து, சாப்பிட்டபடியே எதிர் நாற்காலிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். நாற்காலி ஒரு சந்தேகமும் கேட்டதில்லை.

இத்தனையும் படித்து, கையின் அளவுப் படத்தோடு கூடத்துக் கடை மூலமாகத் தபாலில் ஆர்டர் அனுப்பி வாங்கிய பந்துதான் இப்படிக் கவிழ்த்துவிட்டது.

கூடத்தின் மூலையில் அந்தக் கடையை வைத்து, பந்துகளுக்கு விரல் துளை போட்டுத் தரும் துளைக்காரர் பந்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இது இடது கைக்காரருக்கான பந்து என்றார். அதை வலது கையால் பிடித்து, மோதிர விரலின் சின்னத் துளையில் நடுவிரலை நுழைத்தால் சிக்காமல் என்ன செய்யும்? துளைகளை அடைத்து, புதிதாகப் போட்டுக் கொடுக்க இரண்டு நாள் ஆகுமாம்.

போட்டிக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. கேப்டன் வீங்கிய விரலைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். "நீங்க ரெஸ்ட் எடுங்க சார்," என்று சொல்லிவிட்டு, வேடிக்கை பார்க்க வந்திருந்த ஆபீஸ் ரிசப்ஷனிஸ்ட்டைக் கூப்பிட்டான். அந்தப் பெண் கூடத்துப் பந்தை எடுத்து முதல் வீச்சிலேயே எட்டுக் கட்டைகளைச் சாய்த்தாள். மூன்று பேரும் அவள் கையைத் தட்டினார்கள். இனி வரும் சனிக்கிழமைகள் யாருக்கு என்பது அங்கேயே தெரிந்துபோயிற்று.

தப்புத் தன் தலையில் விழுந்துவிடக் கூடாது என்று துளைக்காரர் ஆர்டர் தாளைத் தேடி எடுத்து நீட்டினார். ஆடும் கையைத் தாளில் விரித்து வைத்து, வீட்டில் வேறொருவரைக் கொண்டு சுற்றி வரையச் செய்யுங்கள் என்று மேலேயே அச்சடித்திருந்தது.

"வலது கையால ஆடுறவரு இடது கையை எதுக்கு சார் வரைஞ்சு அனுப்புனீங்க?" என்று கேட்டார்.

ஸ்டோர்கீப்பர் தாளை மடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"பென்சில் வலது கையில இருந்துச்சுங்க. வீட்ல வேற கை இல்ல."