வெள்ளிக்கிழமை பதில்கள்

...அதெப்படி, அதே பெண்கள், அதே கேள்விகள், இரண்டே வாரத்தில் பதில் தலைகீழாகுமா, கிளினிக்கில் எந்நேரமும் கவலைதான் என்றவர்கள் கோயிலில் ஒன்றுமே இல்லை என்கிறார்களே... கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்திருந்த ஷாமினிக்கு ஆறவே இல்லை. கவலையை அளக்கும் ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்க அவள் பட்ட பாடு கொஞ்சமா? இரண்டு தடவை கேட்டாலும் பதில் ஏறக்குறைய ஒன்றாக வரவேண்டும், வந்தால்தான் நம்பலாம், இல்லாவிட்டால் குப்பைதான், அவளுடைய முதுகலைப் பட்டமும் கூடவே. "வேற தலைப்பு பாரு ஷாமினி, தமிழ்ல இது சரியா வராது லா" என்று காலையில் சொல்லிவிட்டாரே, அவளுடைய ஆய்வைக் கண்காணிக்கும் டாக்டர் கமலநாதன். தமிழில் வராதாமே! இவரைப் பெற்றவள் கவலைப்படாமலா வளர்த்தாள்?

தப்பு கேள்வியில் இல்லை, அவளிடம்தான். எல்லாரும் ஓரிடத்தில் கிடைப்பார்கள் என்று இரண்டாம் தடவை வெள்ளிக்கிழமை பூஜை முடிந்த கையோடு கோயில் மண்டபத்திலேயே தாளை நீட்டினாளே, மண்டு, மண்டு... பதில் எழுதிய தனலெட்சுமி அக்கா சற்றுமுன் போனில் சிரித்தாள். "பாரத்தையெல்லாம் அம்மன்கிட்ட இறக்கி வச்சிட்டு வந்து உக்காந்தோம்மா. அங்கேயே கவலைன்னு எழுதினா, அவள நம்பலன்னு ஆயிடாது?" அப்போ பொய்யா எழுதினீங்க, அக்கா? "ஐயோ, பொய்யில்லம்மா. அன்னிக்கி நெசமாவே இல்ல. வீட்டுக்கு வந்தப்புறம்தான் மறுபடி புடிச்சிக்கிச்சி." சரி, மறுபடி கேட்கிறேன், முதலிலிருந்து, இரண்டு தடவையும் அதே கிளினிக், சர்க்கரை பார்க்க வரும் அதே காலை நேரம், இன்னொரு செமஸ்டர் போனால் போகட்டும், தமிழில் வராது என்று இனி ஒருத்தர் சொல்லக்கூடாது... அப்படிச் செய்தால் எண்கள் ஒத்துவரும், வரட்டும், ஆனால் நிஜமாகவே கவலை இல்லாதிருந்த அந்த வெள்ளிக்கிழமையை எங்கே வைப்பது? பூச்சோங்கிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "சார் என்னடா சொன்னாரு? கவலையா இருக்கியா?" "சேச்சே, ஒன்னுமில்லம்மா." அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தவரை நிஜமாகவே ஒன்றும் இல்லை. போனைப் பைக்குள் போட்டதும் கவலை மறுபடி பிடித்துக்கொண்டது. இப்போது யாராவது அவளிடமே தாளை நீட்டினால் எதைக் குறிப்பாள்? ஷாமினி எழுந்து கதவருகே போய் நின்றாள், கிள்ளான் வந்துகொண்டிருந்தது.